ஈரக்காற்றில் படகுத் தேக்குக்கு வார்னிஷ்: கேள்வி பதில்

கே (புதுச்சேரி): பாய்மரப் படகின் ஓரத் தேக்குக் கட்டைகளுக்கு வார்னிஷ் அடித்தேன். விடிந்து பார்த்தால் பளபளப்பு போய் சாம்பல் பூத்த மாதிரி இருக்கிறது. மழைகூட இல்லையே?

ப: மழை எதற்கு, பனி போதுமே. எத்தனை மணிக்கு அடித்தீர்கள் என்று எழுதவில்லை. சாயங்காலம் என்று வைத்துக்கொள்கிறேன். காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால், சுமார் 26 டிகிரிக்கு இறங்கிய எந்தப் பரப்பிலும் நீர் பூத்துவிடும். பொழுது சாய்ந்தால் திறந்தவெளிக் கட்டை சீக்கிரமே அந்த அளவுக்குக் குளிர்ந்துவிடும். இறுகாத வார்னிஷ் மேல் பனி இறங்கினால் இப்படித்தான் ஆகும்.

இப்படி நீர் பூக்கத் தொடங்கும் சூட்டுக்குப் பெயர் பனிநிலை. வார்னிஷ் அடிக்கும்போது கட்டையின் சூடு அதைவிட 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும். பனிநிலை பார்க்க ஒரு எவர்சில்வர் தம்ளரும் வெப்பமானியும் போதும். தம்ளர் தண்ணீரில் ஐஸைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்குங்கள். வெளிப்பக்கம் மங்கும் நேரத்தில் தண்ணீரில் இருக்கும் வெப்பமானி காட்டுவதுதான் பனிநிலை. நான் காலை ஒன்பது மணிக்கு மேல், கட்டை உலர்ந்த பிறகு தொடங்கி, மதியத்துக்குள் பிரஷைக் கழுவிவிடுவேன். உங்கள் கட்டையைச் சுரண்ட வேண்டாம். நன்றாகக் காயவிட்டு, 320 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து இன்னொரு பூச்சு கொடுங்கள்.

கே (தூத்துக்குடி): அடுத்த பூச்சுக்கு எத்தனை மணி நேரம் விடவேண்டும்?

ப: டப்பாவில் போட்டிருக்கும் நேரத்தை நம் ஊர்க் காற்றில் நம்பாதீர்கள். உப்புத்தாளால் தேய்த்தால் வெள்ளைப் பொடி வரவேண்டும். தாளில் பிசினாக ஒட்டினால் இன்னொரு நாள் பொறுங்கள்.

கே (கொச்சி): இரண்டு டப்பா கலக்கும் பாலியூரிதேன் வார்னிஷ் சீக்கிரம் காயுமாமே?

ப: காயும். ஆனால் அதன் கடினமாக்கி ஈரத்தோடு சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு கிளம்பும். பூச்சு முழுக்கக் குமிழி. ஈரக்காற்றில் பழகாத கைக்கு எண்ணெய் வார்னிஷே நல்லது.

கே (நாகப்பட்டினம்): எங்கள் தாத்தா வள்ளத்துக்கு மீன் எண்ணெய்தான் தடவினார். வார்னிஷெல்லாம் பணக்கார வேலை இல்லையா அண்ணே?

ப: தாத்தா செய்தது சரிதான் தம்பி. அவர் திரும்பத் திரும்பத் தடவினார், கறுத்துப் போனதைப் பற்றிக் கவலைப்படவில்லை. தொழில் செய்யும் வள்ளத்துக்கு அது போதும்.

கே (அதே நண்பர்): அப்போ எண்ணெய்தானே மேல்?

ப: எண்ணெய் வெயிலைத் தடுக்காதே தம்பி! தேக்கின் நிறம் நிற்கவேண்டும் என்றால் புற ஊதாத் தடுப்பு உள்ள வார்னிஷ், ஆறு ஏழு பூச்சு. முதல் பூச்சில் பாதிக்குப் பாதி தின்னர். ஈரக்காற்றில் எண்ணெய்ப் பூச்சின் மேல் பூஞ்சை ஏறிக் கரும்புள்ளி விழும். அதைத் தேய்த்தே எனக்கு முழங்கை போயிற்று. எண்ணெய்க் கட்சிக்காரர்கள் இன்னும் நான்கு பேர் எழுதியிருக்கிறீர்கள். எல்லோருக்கும் இதே பதில்தான். எண்ணெய்த் துணியை மட்டும் சுருட்டிப் போடாதீர்கள், தானாகத் தீப்பிடிக்கும்.

கே (சென்னை): ஸ்டீல் வூலால் தேய்க்கலாமா?

ப: கூடாது. உடைந்த இழை மரத்தில் தங்கித் துருப்பிடிக்கும்.

கே (ராமேஸ்வரம்): அரக்கு பாலிஷ்?

ப: வீட்டு நாற்காலிக்கு.

கே (கடலூர்): எத்தனை மணி நேரம் காயவிட வேண்டும்?

ப: மேலே தூத்துக்குடிக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கே (காரைக்கால்): வேலை முடிந்து ஆறு மணிக்குத்தான் படகுக்கு வரமுடிகிறது. அப்போது அடிக்கலாமா?

ப: இவ்வளவு நேரம் என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? ஆறு மணிக்கு வந்தால் கட்டையில் படிந்த உப்பை நல்ல தண்ணீரில் கழுவி வையுங்கள். பிரஷை ஞாயிற்றுக்கிழமை காலை எடுக்கலாம்.