லேத் இல்லாத பட்டறையில்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சினிமாவில் வரும் பொருள்களை உலோகத்திலேயே நகலெடுக்க முயல்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் சில.

என்னிடம் டிரில்லிங் மெஷின், வைஸ், அரங்கள் மட்டுமே உண்டு. வாள் பிடியின் முனைக் குமிழைப் பித்தளையில் செய்ய முடியுமா?

முடியும். துண்டின் நடுவில் துளையிட்டுவிட்டு, ரம்பத்தால் மூலைகளைக் கழியுங்கள். போல்ட்டை உள்ளே விட்டு நட்டால் இறுக்கி, போல்ட்டை மெஷினின் சக்கில், அதாவது டிரில்லைப் பிடிக்கும் தாடையில், பிடியுங்கள். சுற்றவிட்டு, அரத்தை லேசாக வைத்து வடிவம் கொண்டுவரலாம்.

பலமாக மட்டும் அழுத்தாதீர்கள். பல மெஷின்களில் சக், டேப்பர் என்ற கூம்பு முனையின் பிடிப்பில்தான் நிற்கிறது. பக்கவாட்டு விசையும் அதிர்வும் சேர்ந்தால் கழன்று விழும். பக்கவாட்டில் வெட்டும் மில்லிங் கட்டரை அதில் மாட்டக் கூடாது என்பதும் இதனால்தான். அரத்துக்குக் கைப்பிடி இருக்க வேண்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். கையுறை வேண்டவே வேண்டாம்: சுற்றும் பாகம் அதைப் பற்றினால் விரலையும் சேர்த்து இழுத்துவிடும். எமரித் துணியையும் விரலில் சுற்றிக்கொள்ளாதீர்கள்.

வளைவாக அராவி முடித்த பாகத்தில் துளை போட்டால் டிரில் வழுக்குகிறது.

வேலையின் வரிசையை மாற்றுங்கள். யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: தட்டையான பக்கங்கள் இருக்கும்போதே துளை, மரை எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள், வடிவம் கடைசியில் வரட்டும். செவ்வகத் துண்டை வைஸ் நேராகப் பிடிக்கும், அளவையும் ஒரே விளிம்பிலிருந்து எடுக்கலாம். நல்ல வடிவம் வந்த பிறகு துளை கோணலாகிப் பாகமே வீணாவதைப் பார்த்தால் மனசு கேட்காது.

ஏற்கெனவே வளைத்தாயிற்று என்றால், துளை வரும் இடத்தில் அரத்தால் சின்னத் தட்டை உண்டாக்கி, பஞ்சால் சிறு குழி அடித்து, சென்டர் டிரில்லால் தொடங்குங்கள். அது குட்டையானது, எளிதில் வளையாது.

அலுமினியமா, பித்தளையா, இரும்பா?

முதல் முயற்சிக்கு 6061 என்ற அலுமினியக் கலவை. அரத்தில் ஒட்டும், அரத்தின் மேல் சாக்பீஸ் தேய்த்துக்கொண்டால் குறையும். துளையிடும்போது துளி மண்ணெண்ணெய் விடுங்கள். கையில் கனம் தெரிய வேண்டுமென்றால் பித்தளைதான்: கன சென்டிமீட்டருக்கு அலுமினியம் 2.7 கிராம், பித்தளை ஏறத்தாழ 8.5. ஆனால் சாதாரண டிரில் பித்தளைக்குள் திடீரென்று பாய்ந்து துண்டையே தூக்கிவிடும். டிரில்லின் வெட்டுவிளிம்பை எண்ணெய்க்கல்லில் லேசாகத் தேய்த்துக் கூர்மையைச் சற்றுத் தட்டையாக்கினால் அடங்கும். துண்டை எப்போதும் வைஸில் பிடியுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இப்போதைக்கு வேண்டாம், உரசலிலேயே மேற்பரப்பு இறுகிப் போகும்.

துளைக்குள் மரை வெட்டும் டேப் உடைந்துகொண்டே இருக்கிறது.

துளை சிறிதாக இருக்கும், இல்லாவிட்டால் டேப் சாய்ந்திருக்கும். எம்3-க்கு, அதாவது 3 மி.மீ. மரைக்கு, 2.5 மி.மீ., எம்4-க்கு 3.3, எம்5-க்கு 4.2 டிரில். துளையிட்டதும் துண்டை அசைக்காமல், மெஷினின் மின் பிளக்கை உருவிவிட்டு, டேப்பைச் சக்கில் மாட்டிக் கையாலேயே சக்கைச் சுற்றுங்கள், நேராக இறங்கும். அப்புறம் டேப் கைப்பிடிக்கு மாறி, அரைச்சுற்று முன்னே போனால் கொஞ்சம் பின்னே திருப்புங்கள். எண்ணெய் மறக்க வேண்டாம்.

பளபளப்பு வந்தாலும் கீறல் தெரிகிறது.

240, 400, 800 என்று வரவர நுண்ணிய எமரிக்கு மாறும்போது தேய்க்கும் திசையையும் குறுக்காக மாற்றுங்கள். முந்தைய கீறல் முழுதும் மறைந்த பிறகே அடுத்த எண்.