நெடுநாள் நின்ற காரில் இறுகிய ஹேண்ட் பிரேக்கை எப்படி விடுவிப்பது?

பல வாரங்கள் ஓடாமல் நின்ற காரில் ஹேண்ட் பிரேக்கை இறக்கிய பிறகும் பின்சக்கரங்கள் உருளவில்லை, ஆக்சிலரேட்டரை அழுத்தி இழுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படிச் செய்ய வேண்டாம். டிரம் பிரேக்கில், சக்கரத்தோடு சுழலும் கிண்ணம் போன்ற டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிப்பது பிரேக் ஷூ. பெரும்பாலான கார்களில் அந்த ஷூவின் இரும்புத் தகட்டின் மேல், உரசிப் பிடிக்கும் பட்டையான லைனிங் பசையால்தான் ஒட்டப்பட்டிருக்கிறது. ஈரத்தால் துரு ஏறிய டிரம்மோடு அந்த லைனிங் பிடித்துக்கொண்டிருக்கும்போது எஞ்சினின் முழு வலுவையும் கொடுத்தால், துரு விடுவதற்கு முன்பே பசை விட்டுவிடக்கூடும். கழன்ற லைனிங் உள்ளே சிக்கிக்கொண்டால் சக்கரம் முன்னைவிட மோசமாக இறுகும்.

பிடிப்பு எங்கே இருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். சமதரையில் முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்துவிட்டு, ஒருவரை உள்ளே அமர்த்தி லிவரை ஏற்றி இறக்கச் சொல்லுங்கள். நீங்கள் வெளியிலிருந்தே குனிந்து, பின்சக்கரத்துக்குள் நுழையும் கேபிளைக் கவனியுங்கள். லிவரை இறக்கியதும் கேபிள் பின்வாங்காமல் நின்றால், அது தன் உறைக்குள்ளேயே துருப்பிடித்து இறுகியிருக்கிறது. பலமுறை ஏற்றி இறக்கினால் சில நேரம் இளகும், ஆனாலும் அந்தக் கேபிளை மாற்றியே ஆக வேண்டும். பின்னால் டிஸ்க் பிரேக் உள்ள வண்டியானால், பலவற்றில் காலிப்பரின் (டிஸ்க்கை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் பாகத்தின்) பக்கவாட்டில் உள்ள சிறிய கரம் முழுமையாகத் திரும்பி வருகிறதா என்றும் பார்க்கலாம். கேபிள் ஒழுங்காக நகர்ந்தும் சக்கரம் அசையவில்லையென்றால், பெரும்பாலும் டிரம்முக்குள்தான் ஒட்டியிருக்கிறது.

இதற்கு நான் முதலில் நம்புவது மென்மையான முன்பின் அசைவைத்தான். கட்டைகளை எடுத்துவிட்டு, முன்னும் பின்னும் ஆள் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ரிவர்ஸ் கியரில் கிளட்சை வண்டி இழுக்கத் தொடங்கும் அளவுக்கு மட்டும் விடுங்கள். உடனே மிதித்துவிட்டு, முதல் கியரில் அதையே செய்யுங்கள். முன்சக்கரம் இழுக்கும் கார் முன்னோக்கி முயலும்போது பின்பகுதி சற்றே தாழ்வதைக் கண்ணாலேயே காணலாம். பின்சக்கரம் இன்னும் பிடித்திருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். என் பழைய காரில் இப்படி மெதுவாக ஆட்டிக்கொண்டிருந்தபோது ‘டக்’ என்ற ஓசையுடன் துரு விட்டு, பின்பகுதி தானாக நிமிர்ந்தது.

அதிலும் விடவில்லையென்றால் சக்கரத்தைக் கழற்ற வேண்டியிருக்கும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் ஒருபோதும் நுழையாதீர்கள். தாங்கு கால்கள் வைத்த பிறகே கை வைக்க வேண்டும். டிரம்மின் முகப்பில், போல்ட்டுகளுக்கு இடைப்பட்ட பகுதியில் மரத்துண்டு வைத்து, சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். விளிம்பில் ஓங்கி அடித்தால் வார்ப்பிரும்பு விரிசல் விடும். பல டிரம்களின் முகப்பில் இரண்டு மரைத் துளைகள் இருக்கும். அவற்றில் பொருத்தமான போல்ட்டுகளை மாறிமாறிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினால் டிரம் தானே வெளியே தள்ளப்படும். துருநீக்கும் எண்ணெயை உள்ளே பீய்ச்ச வேண்டாம், ஏனெனில் எண்ணெய் பட்ட லைனிங் பிரேக் பிடிக்காது. உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதவும் கூடாது. பழைய லைனிங்குகளில் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்திருக்கலாம்.

பொத்தானால் இயங்கும் எலக்ட்ரானிக் பிரேக்குக்குச் சுத்தியல் உதவாது. அங்கே நான் முதலில் சந்தேகிப்பது பேட்டரியைத்தான்; அது தளர்ந்திருந்தால் மோட்டார் பிரேக்கை விடுவிக்காது. பேட்டரிக்கு மின்னூட்டம் கொடுத்து, இக்னிஷனைப் போட்டு, கால் பிரேக்கை மிதித்தபடி பொத்தானை இயக்கிப் பாருங்கள்.

சக்கரம் விடுபட்ட பின் மெதுவாகச் சிறிது தூரம் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய், தொடாமலே சூட்டை உணருங்கள். ஒன்று மட்டும் தனியாகக் கொதித்தால் பிரேக் இன்னும் உரசுகிறது. அந்த நிலையில் நெடுந்தூரம் போகாமல் மெக்கானிக்கிடம் காட்டி, ஷூக்களை வெளியே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இனி நீண்ட நாள் நிறுத்தும்போது சமதரையில் கியரில் விட்டுக் கட்டை வையுங்கள், ஹேண்ட் பிரேக்கை இழுக்காதீர்கள். கழுவிய உடனே நிறுத்துவதாயிருந்தால், பிரேக்கை லேசாக மிதித்தபடி சற்று ஓட்டி, ஈரத்தை உலர்த்திய பிறகு நிறுத்துங்கள்.