மலையேற்றத்துக்கு வாங்கிய கையடக்க ஜி.பி.எஸ். தவறான இடத்தைக் காட்டுகிறது. வேறு கருவி வாங்க வேண்டுமா?

கேள்வி கேட்டவர் இராமநாதபுரத்துக்காரர். பழைய கார்மின் இட்ரெக்ஸ் 22எக்ஸ் ஒன்றை விலைக்கு வாங்கி, மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கொண்டுபோவதற்கு முன்பு தனுஷ்கோடியில் நடந்து சோதித்திருக்கிறார். கரையில் நின்றவரைக் கருவி கடலுக்குள் நிற்பதாகக் காட்டியது. அதே இடத்தில் கருவி 3 மீட்டர் உயரம் என்றது. கைப்பேசிச் செயலியோ கடல் மட்டத்துக்கு 90 மீட்டருக்கும் கீழே என்றது. நின்ற இடத்திலேயே உடம்பைத் திருப்பினால் திரையில் அம்பு திரும்பவில்லை. இதைத் தூக்கிப் போட்டுவிட்டு விலை கூடிய கருவி வாங்கவா, அல்லது நண்பர்கள் சொல்வதுபோல் கைப்பேசியே போதுமா என்று கேட்கிறார்.

தூக்கிப் போட வேண்டாம். நீங்கள் சொன்னவற்றில் பழுதுக்கான அறிகுறி ஒன்றுகூட இல்லை.

நான் மண்டபத்தில் படகுகளின் மின்னணுக் கருவிகளைப் பழுது பார்க்கிறேன். எக்கோ சவுண்டர், வி.எச்.எஃப். செட்டு, ஜி.பி.எஸ். ஆகியவைதான் என் அன்றாட வேலை. கருவி விற்பதில்லை, எந்த நிறுவனத்திடமும் கமிஷன் வாங்குவதுமில்லை. ஒரு பெயரைக் குறிப்பிட்டாலே விளம்பரம் என்று சொல்வதற்கு ஆள் வருவதால் இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். வாய்ப்புக் கிடைக்கும்போது மலைக்கும் போகிறவன் என்பதால் கடலில் இந்தக் கருவி எப்படி நடந்துகொள்கிறது, காட்டில் எப்படி நடந்துகொள்கிறது என்ற இரண்டையும் பார்த்திருக்கிறேன். பழுதென்று என்னிடம் வரும் கையடக்கக் கருவிகளில் பெரும்பாலானவற்றுக்கு வேண்டியது திருப்புளி அல்ல, அமைப்புப் பக்கத்தில் (செட்டிங்ஸில்) ஓரிரு மாற்றங்கள் மட்டுமே.

கடலுக்குள் நிற்பதாகக் காட்டியதற்குக் காரணம் பெரும்பாலும் வரைபடம்தான். கருவியோடு வருகிற, உலகம் முழுவதற்குமான அடிப்படை வரைபடத்தில் கரையோரம் மிகவும் தோராயமாக வரையப்பட்டிருக்கும். தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனை போன்ற ஒடுங்கிய நிலமுனை அதில் சரியாக அமையும் என்று எதிர்பார்க்கவே முடியாது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் அடிப்படையிலான வரைபடத்தை இலவசமாக இறக்கி மெமரி கார்டில் ஏற்றிப் பாருங்கள். பெரும்பாலும் கரைக்கு வந்துவிடுவீர்கள். அதன் பிறகும் கொஞ்சம் தள்ளிக் காட்டினால் அதற்கும் கருவியைக் குறை சொல்ல வேண்டாம். அந்த முனையில் மணல் திட்டுகள் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் ஏற்ப இடம் மாறுகின்றன. வரைபடம் வரைந்த நாளில் இருந்த கரை இன்று அங்கே இல்லாமலிருக்கலாம். இதற்கு நேர்மாறான குழப்பம் ஒன்றும் உண்டு. ‘லாக் ஆன் ரோடு’ என்ற அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால், நீங்கள் மணலில் நடந்தாலும் உங்கள் குறியை அது தார்ச்சாலையிலேயே ஒட்டவைக்கும். நடப்பவர்கள் அதை அணைத்துவிட வேண்டும்.

உயரத்தில் கருவி, கைப்பேசி இரண்டுமே உண்மையைத்தான் சொல்லியிருக்கின்றன, ஆனால் வெவ்வேறு தளத்திலிருந்து அளந்து சொல்லியிருக்கின்றன. செயற்கைக்கோள் கணக்கு, பூமியை ஒரு சீரான நீள்கோளமாக வைத்துக்கொண்டு அதன் மேற்பரப்பிலிருந்து உயரத்தைத் தருகிறது. உண்மையான கடல் மட்டமோ புவியீர்ப்பின் ஏற்றத்தாழ்வுக்கு ஏற்ப அந்தக் கோளத்திலிருந்து மேலும் கீழுமாக விலகுகிறது. இப்படிக் கடல் மட்டமே தாழ்ந்திருக்கும் பள்ளங்களில் உலகிலேயே மிக ஆழமானது இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. அங்கே கடல் மட்டம் சுமார் 106 மீட்டர் தாழ்ந்திருக்கிறது. நம் கடற்கரை அந்தப் பள்ளத்தின் சரிவில் இருப்பதால் இங்கேயே 90 மீட்டருக்கும் கூடுதலான வேறுபாடு வந்துவிடுகிறது. கையடக்கக் கருவி இந்த வேறுபாட்டைத் தன்னிடமுள்ள அட்டவணையைக் கொண்டு திருத்திக் காட்டுகிறது. சில கைப்பேசிச் செயலிகள் திருத்துவதில்லை. கடலோரத்தில் நின்றால் இந்தப் பிழையை எவரும் கண்டுபிடித்துவிடலாம். கொடைக்கானல் மலையில் 2,000 மீட்டருக்கு மேல் நிற்கும்போது 90 மீட்டர் பிழை இருப்பதே தெரியாது என்பதால், நீங்கள் தனுஷ்கோடியில் சோதித்தது நல்லதாயிற்று.

அம்பு திரும்பாததற்கு விளக்கம் இன்னும் எளிது. 22எக்ஸ்-இல் மின்னணுத் திசைகாட்டி கிடையாது. நடந்தால்தான் முந்தைய இடத்தையும் புதிய இடத்தையும் ஒப்பிட்டு அது திசை சொல்லும். இதற்கு அடுத்த மாடலான 32எக்ஸ்-இல் திசைகாட்டியும் காற்றழுத்த உயரமானியும் இருக்கின்றன. ஆனால் செல் மாற்றும்போதெல்லாம் திசைகாட்டியைச் சீராக்கிக்கொள்ள வேண்டும், காந்தம் வைத்த கைப்பேசி உறைக்குப் பக்கத்தில் தொங்கவிடவும் கூடாது.

நீங்கள் கேட்காத, ஆனால் ஆளைக் கொண்டுபோய்த் தவறான இடத்தில் நிறுத்திவிடக்கூடிய ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கீழக்கரைப் பக்கத்து இளைஞர்கள் சிலர், மண்டபத்திலிருந்து பாம்பன் பாலம் வழியாக இராமேசுவரம் வரை நடப்பதற்கு ஒரு கருவியோடு வந்திருந்தார்கள். பாலத்தை நெருங்குவதற்கு முன்பே திரும்பி என் கடைக்கு வந்து, “அண்ணே, இது எங்களை இலங்கைக்குப் போகச் சொல்லுது” என்று கருவியை மேசையில் வைத்தார்கள். அம்பு பாலத்துக்கு இடப்பக்கம் வடகடலைக் காட்டிக்கொண்டிருந்தது. இராமேசுவரம் கோயிலின் இருப்பிடத்தைக் கைப்பேசி வரைபடத்திலிருந்து 9.288, 79.317 என்று எழுதி எடுத்துக் கருவியில் பதிந்திருக்கிறார்கள். கைப்பேசி தருவது டிகிரியும் அதன் தசமமும். கருவி இருந்ததோ டிகிரி, மினிட், மினிட்டின் தசமம் என்ற முறையில். ஆகவே புள்ளிக்குப் பிந்தைய எண்களை மினிட்டாக அடித்து, 9 டிகிரி 28.8 மினிட், 79 டிகிரி 31.7 மினிட் என்று ஆக்கிவிட்டார்கள். உண்மையில் வர வேண்டியது 9 டிகிரி 17.28 மினிட், 79 டிகிரி 19.02 மினிட். அட்சத்தில், அதாவது வடக்கு தெற்கு அளவில், ஒரு மினிட் என்பது ஒரு நாட்டிகல் மைல், அதாவது 1,852 மீட்டர். வடக்கே 11 மினிட்டுக்கு மேலும் கிழக்கே 12 மினிட்டுக்கு மேலும் தள்ளிப்போனதால் அவர்களுடைய கோயில் சுமார் 30 கிலோமீட்டர் வடகிழக்கே, சர்வதேசக் கடல் எல்லைக்கு அப்பால் போய் உட்கார்ந்துவிட்டது. அமைப்பில் ‘பொசிஷன் ஃபார்மட்’ என்ற இடத்தைத் தசம டிகிரிக்கு மாற்றி, அதே எண்களை மீண்டும் பதிந்து கொடுத்தேன். அம்பு பாலத்தின் பக்கம் வந்தது. அவர்கள் நடந்துபோய்ச் சேர்ந்துவிட்டதாக மாலையில் தொலைபேசியில் சொன்னார்கள்.

மலையில் இதே தவறு நடந்தால் அம்பு கடலைக் காட்டாது. பக்கத்துப் பள்ளத்தாக்கைக் காட்டும், அது நம்பும்படியாகவும் இருக்கும். அதனால்தான் வற்புறுத்துகிறேன்: யாரிடமிருந்து எண் வாங்கினாலும் எந்த முறையில் எழுதியது என்று கேட்டுக்கொள்ளுங்கள். கூடவே ‘மேப் டேட்டம்’, அதாவது எண்களைப் பூமியின் எந்தக் கணித வடிவத்தின்மேல் அளப்பது என்ற அமைப்பு, டபிள்யூ.ஜி.எஸ். 84 என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய அச்சு நில வரைபடங்கள் எவரெஸ்ட் நீள்கோளத்தை அடிப்படையாகக் கொண்டவை. அவற்றிலிருந்து எடுத்த எண்ணை அப்படியே பதிந்தால் நம் பகுதியில் நூறு இருநூறு மீட்டர் வரை விலகல் வரும்.

இந்த இடத்தில் ஒரு மனக்குறையைச் சொல்லாமல் போக முடியவில்லை. எங்கள் கடற்கரையில் ஒரு படகு பிடிபட்ட செய்தி வந்தவுடனே, ‘கையில் ஜி.பி.எஸ். இருந்தும் எப்படி எல்லை தாண்டினார்கள்’ என்று கரையைப் பார்த்தே இராதவர்கள்கூட எழுதுகிறார்கள். 1974 இந்திய இலங்கை ஒப்பந்தத்தில் பாக் நீரிணை எல்லைக்கோடு ஆறு புள்ளிகளாக, டிகிரி மினிட் முறையில் தரப்பட்டிருக்கிறது. அவற்றுள் ஒன்றின் அட்சம் 9 டிகிரி 40.15 மினிட். அதைத் தசம டிகிரியில் இருக்கும் கருவியில் 9.4015 என்று பதிந்தால் கோடு 16 நாட்டிகல் மைல் தெற்கே நகர்ந்துவிடும். கருவியை விற்றவர் இதைச் சொல்லிக்கொடுப்பதில்லை. கையேடு தமிழில் இருப்பதில்லை. இன்னொன்றும் உண்டு. கருவி இருக்குமிடத்தைச் சொல்லும், அவ்வளவுதான். நின்றுபோன இன்ஜினை அது ஓட்டாது, விரித்த வலையோடு இழுபடும் படகை, மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்றிலிருந்து தடுத்தும் நிறுத்தாது. எல்லா நேரமும் தெரியாமல்தான் போகிறார்கள் என்று நான் வாதிடவில்லை. இந்தக் கருவியை மலையேறுபவர்கள் கையில் எடுப்பதற்கு வெகு காலம் முன்பே நெருக்கமாகப் பழகிய மக்களை, பயன்படுத்தத் தெரியாதவர்கள் என்று எழுதுவதைத்தான் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

நம் ஊரில் உண்மையாகவே கருவியைக் கெடுப்பது உப்பு. ஐ.பி.எக்ஸ். 7 என்று பெட்டியில் எழுதியிருப்பது ஒரு மீட்டர் நன்னீரில் அரை மணி நேரம் தாங்கும் என்ற சோதனையைத்தான் குறிக்கிறது. கடல் சாரலை மாதக்கணக்கில் தாங்கும் என்பதையல்ல. கடற்கரையில் நடந்து வந்தபின் யு.எஸ்.பி. மூடியும் பின்மூடியும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து நிழலில் உலர விடுங்கள். பழைய கருவியானால் பின்மூடியைத் திறந்து ரப்பர் வளையத்தை விரலால் வருடிப் பாருங்கள். ஒரு மணல் துகள் அதில் சிக்கியிருந்தால் அதன் ஓரமாகவே ஈரம் உள்ளே நுழையும். ஜூன் 14 அன்று மீன்பிடித் தடைக்காலம் முடியும் சமயத்தில் என்னிடம் வரும் கருவிகளில், இரண்டு மாதம் செல்லோடு சும்மா கிடந்தவை அதிகம். உள்ளே ஸ்பிரிங்கின் அடிச்சுற்றில் பச்சைக் களிம்பும், செல்லின் முனையில் வெள்ளைத் தூளும் பூத்திருக்கும். வெள்ளைத் தூள் ஆல்கலைன் செல்லிலிருந்து கசிந்தது; பஞ்சில் சில சொட்டு வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் ஒருமுறை துடைத்தால் போய்விடும். களிம்பை மென்மையான அழிப்பானால் தேய்த்தெடுக்கலாம். உப்புத்தாள் போட்டால் பூச்சு போய் அடுத்த மழைக்கே துரு ஏறும். நெடுநாள் பயன்படுத்தாவிட்டால் செல்லைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

செல் சீக்கிரம் தீர்கிறது என்ற புகாருக்கும் விடை பெரும்பாலும் அமைப்பிலேயே இருக்கிறது. சார்ஜ் ஏற்றும் நிக்கல் செல் 1.2 வோல்ட், ஆல்கலைன் 1.5 வோல்ட். அமைப்பில் ஆல்கலைன் என்று விட்டுவிட்டு நிக்கல் செல் போட்டால், பாதிச் சக்தி மிச்சமிருக்கும்போதே தீர்ந்துவிட்டதாகக் கருவி கூறும்.

இனித் தேர்வு. உங்களிடம் இருப்பது மலைக்குப் போதுமானது. இரண்டு பென்சில் செல்லில் ஓடும் கருவி என்பதையே நான் பெரிய நன்மையாகக் கருதுகிறேன், ஏனென்றால் மலையடிவாரத்துப் பெட்டிக்கடையிலும் அது கிடைக்கும். தொடுதிரையைவிடப் பட்டன் மேல். வியர்வையும் மழையும் படிந்த விரலுக்குத் தொடுதிரை கட்டுப்படாது. கடற்கரையில் வானம் முழுவதும் திறந்திருப்பதால் எந்தக் கருவியும் இங்கே நன்றாகவே வேலை செய்யும். அதை வைத்து மலையை முடிவு செய்யக் கூடாது. பாறைச் சுவரும் அடர்ந்த மரமும் சூழ்ந்த பள்ளத்தாக்கில் சிக்னல் எதிரொலித்து வருவதால் இருப்பிடம் பத்து, இருபது மீட்டர் என்று தாவும். அத்தகைய காட்டுக்கு அடிக்கடி போகிறவர் என்றால் மட்டும் எல்1, எல்5 என்ற இரண்டு அலைவரிசைகளையும் பெறும் ஜி.பி.எஸ்.மேப் 65எஸ் போன்றவற்றுக்குச் செலவு செய்வதில் பொருள் இருக்கிறது. காற்றழுத்த உயரமானி வேண்டுமென்றால் ஒன்றை அறிந்து வாங்குங்கள்: நம் வெப்ப மண்டலத்தில் காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் இடையே காற்றழுத்தம் இயல்பாகவே மூன்று ஹெக்டோபாஸ்கல் அளவுக்கு இறங்குவதால், அசையாமல் உட்கார்ந்திருந்தாலும் உயரம் 25 மீட்டர் ஏறியதாகக் காட்டும்.

கைப்பேசி போதும் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. டவர் இல்லாத இடத்திலும் அதன் ஜி.பி.எஸ். வேலை செய்யும், வரைபடத்தை முன்பே இறக்கி வைத்திருந்தால் போதும். ஒரு நாள் நடைக்கு அது சரி. இரண்டாம் நாள் மழையில், அவசர அழைப்புக்கென்று சார்ஜ் மிச்சம் வைக்க வேண்டிய பொருளையே வழிகாட்டியாகவும் பிடித்துக்கொண்டு நடப்பதைத்தான் நான் விரும்பவில்லை.

விலை கூடிய கருவி தேடும்போது, செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் இன்ரீச் வகைக் கருவிகளை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டாம். சாதாரண ஜி.பி.எஸ். சிக்னலைப் பெறுமே தவிர எதையும் அனுப்பாது. அனுப்பும் கருவிகளை இந்தியாவில் உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். விமான நிலையத்தில் கைதானவர்கள் உண்டு. சோதனை மிகுந்த எங்கள் கடற்கரையில் அதைப் பையில் வைத்துக்கொண்டு நடப்பதை நினைத்துப் பாருங்கள்.

பழையது என்பதால் கடைசியாகத் தேதியைச் சரிபாருங்கள். ஜி.பி.எஸ். வார எண்ணிக்கை 1,024 வாரத்துக்கு ஒருமுறை பூச்சியத்துக்குத் திரும்பும். 2019 ஏப்ரல் 6 அன்று அப்படித் திரும்பியபோது, மென்பொருள் புதுப்பிக்காத சில பழைய கருவிகளில் தேதி ஏறத்தாழ 20 ஆண்டு பின்னுக்குப் போனது. உங்கள் மாடல் அந்த ஆண்டில்தான் வந்தது என்பதால் இதில் சிக்கல் இருக்காது, ஆனால் மென்பொருளைப் புதுப்பித்துக்கொள்வது நல்லது. நெடுநாள் அணைந்து கிடந்த கருவி என்றால் முதல்முறை திறந்தவெளியில் 20 நிமிடம் அசைக்காமல் வையுங்கள். செயற்கைக்கோள்களின் முழு அட்டவணையை இறக்கவே பன்னிரண்டரை நிமிடம் ஆகும். இத்தனையும் செய்தபிறகு, நேராக நடக்கும்போதுகூட அம்பு தடுமாறினால் உள்ளே திறந்து பார்க்க வேண்டியதுதான். மண்டபம் பக்கம் வரும்போது கொண்டு வாருங்கள்.