அணி தோற்றால் ரசிகர்களின் கோபம் ஏன் உரிமையாளர்கள்மேல் பாய்கிறது?

இங்கிலாந்தின் கால்பந்துக் கழகமான மான்செஸ்டர் யுனைடெட் தோற்கும்போதெல்லாம் ரசிகர்கள் ஆட்டக்காரர்களைவிட உரிமையாளர்களையே அதிகம் சாடுவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கோபத்தின் வேர் 2005இல் இருக்கிறது. அவ்வாண்டு கிளேசர் குடும்பம் கழகத்தை வாங்கியபோது, அதற்காகத் திரட்டிய கடனில் பெரும்பகுதியைக் கழகத்தின் தலையிலேயே சுமத்தியது. அதுவரை கடனின்றி இருந்த கழகம் அன்றுமுதல் தன் வருமானத்திலிருந்து வட்டி கட்டி வருகிறது.

அலெக்ஸ் பெர்குசன் பயிற்சியாளராக இருந்தவரை வெற்றிகள் இந்தக் குறையை மறைத்தன. 2013இல் அவர் ஓய்வுபெற்றபின், பந்தைத் தன்வசம் வைத்து ஆடச் சொன்ன வான் ஹால், தற்காப்பை நம்பிய மொரீன்யோ என ஒருவர்பின் ஒருவராகப் பயிற்சியாளர்கள் மாற, ஒருவருக்காகப் பெரும் விலைக்கு வாங்கிய ஆட்டக்காரர்கள் அடுத்தவரின் திட்டத்துக்குப் பொருந்தாமல் போனார்கள். என் பார்வையில் நிர்வாகத்தின் மிகப் பெரிய பிழை இதுதான்; எந்தப் பாணியில் ஆட வேண்டும் என்பதைக் கழகம் முடிவுசெய்யாதவரை, எந்தப் பயிற்சியாளரும் முதலிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும்.

2024 மே மாதம் ஆர்சனலிடம் தோற்ற நாளில், கழகத்தின் சொந்த மைதானமான ஓல்ட் டிராஃபோர்டின் கூரையிலிருந்து மழைநீர் அருவிபோல் இருக்கைகள்மீது கொட்டியது. அடுத்த பருவத்தில் அணி 42 புள்ளிகளுடன் 15ஆம் இடத்தில் முடித்தபோது, அந்தக் கூரையைப் பார்த்த ரசிகர்கள் ஆட்டக்காரர்களை மட்டும் குறைசொல்ல மறுத்ததில் முழு நியாயம் இருக்கிறது.