வானத்தில் பார்த்தது ராணுவ ரகசியமா? 50 டாலர் கட்டும் முன்

கேள்வி: மகள் வீட்டுக்கு லாஸ் ஏஞ்சலஸ் வந்திருக்கிறேன். ஒரு நாள் சூரியன் மறைந்து அரை மணி நேரம் இருக்கும், மேற்கே ஒரு வெள்ளை ஒளி கிளம்பி, மீன் வால் போல விரிந்து கலைந்தது. வீடியோ எடுத்தேன். அது அமெரிக்க ராணுவத்தின் ரகசிய விமானம் என்றும், 50 டாலர் கட்டினால் அரசு ஆவணத்தோடு உறுதி செய்து தருவதாகவும் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் சொல்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். நீங்கள் சொல்லும் அடையாளங்கள் எல்லாம் ராக்கெட்டுக்குப் பொருந்துகின்றன. உங்கள் ஊரிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் வடமேற்கே வாண்டன்பர்க் ஏவுதளம் இருக்கிறது. தரையில் இருட்டிவிட்ட பிறகும் உயரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். அந்த வெயில் ராக்கெட் புகையில் பட்டால் நீங்கள் பார்த்த காட்சிதான். 2015 நவம்பர் 7 மாலை இதே மாதிரி ஒளியைப் பார்த்து கலிபோர்னியாவே பதறியது. நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து ஏவிய டிரைடென்ட் ஏவுகணை அது என்று கடற்படை அன்றே சொல்லிவிட்டது. ராணுவச் சோதனைதான், ஆனால் ரகசியம் அல்ல. வாண்டன்பர்க் ஏவுதல் அட்டவணை இணையத்தில் கிடைக்கும். உங்கள் வீடியோவின் நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

உண்மையான ரகசிய விமானத்தை ஊர் பார்க்கப் பறக்க விடமாட்டார்கள். எஃப்-117 விமானம் 1981இல் முதலில் பறந்தது. 1988 வரை வெளியே சொல்லவில்லை. நெவாடா பாலைவனத்தில், பெரும்பாலும் ராத்திரியில்தான் ஓட்டினார்கள்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு, யூ-2. குழுவில் இருப்பவர் நிச்சயம் இதைத்தான் இழுப்பார், அதனால் சொல்லிவிடுகிறேன். 1955 ஆகஸ்டில் நெவாடாவின் ரகசியத் தளமான ஏரியா 51இல் இந்த உளவு விமானத்தைச் சோதிக்க ஆரம்பித்தார்கள். அன்றைய பயணிகள் விமானங்கள் 10,000 முதல் 20,000 அடியில் பறந்தன; இதுவோ 60,000 அடிக்கு மேல். அவ்வளவு உயரத்தில் ஒரு விமானம் இருக்க முடியும் என்றே யாரும் நினைக்கவில்லை. தொடக்கத்தில் வண்ணம் பூசாத வெள்ளி உடம்பு வேறு. பயணிகள் விமானத்தை ஓட்டியவருக்குச் சூரியன் மறைந்த பிறகும் தலைக்கு மேலே அது தீப்பந்தமாய் மின்னியது. விமானிகள் புகார் எழுதினார்கள். பறக்கும் தட்டு விவகாரத்தை விசாரித்த விமானப்படையின் 'புளூ புக்' திட்ட அதிகாரிகள், யூ-2வை நடத்திய உளவு நிறுவனமான சிஐஏவிடம் கேட்டு, யூ-2 பறந்த நேரத்தோடு சரிபார்த்துக்கொண்டார்கள். ஆனால் எழுதியவருக்கு உண்மையைச் சொல்ல அனுமதி இல்லை. ஏதோ இயற்கை நிகழ்வு என்று பதில் போனது.

அந்தக் காலத்துப் புகார்களில் பாதிக்கு மேல் எங்கள் உளவு விமானங்களால் வந்தவை என்று சிஐஏ 1997இல் எழுதியது. அந்தப் 'பாதி'யை நான் அப்படியே நம்பமாட்டேன். தன் பெருமையையும் சேர்த்துச் சொல்லும் கணக்கு அது.

இந்த மூடுமந்திரம்தான் எனக்கு எரிச்சல். 1947இல் நியூ மெக்சிகோவின் ராஸ்வெலில் விழுந்து, பறக்கும் தட்டு என்று பேசப்பட்டது, சோவியத் அணுச் சோதனையை ஒட்டுக்கேட்க விட்ட 'மொகல்' என்ற ரகசியத் திட்டத்து பலூன் என்று விமானப்படை சொன்னது 1994இல். நாற்பத்தேழு வருஷம்! வானில் தெரியும் புரியாத பொருள்களை விசாரிக்கவென்றே ராணுவத் தலைமையகமான பென்டகனில் ஒரு அலுவலகம் வைத்திருக்கிறார்கள். 2023இல் அது திறந்த புகார்ப் படிவம்கூட இந்நாள், முன்னாள் அரசு ஊழியர், ராணுவத்தினர், ஒப்பந்ததாரருக்கு மட்டும்தான். இப்படிக் கதவைச் சாத்தினால் 'ஆவணம் வாங்கித் தருகிறேன்' என்று வாசலில் கடை போடத்தான் செய்வார்கள்.

அவர்கள் விற்பது இலவசச் சரக்கு. புளூ புக் கோப்புகள் தேசிய ஆவணக் காப்பகத்தில் யாருக்கும் திறந்தே இருக்கின்றன. மொத்தம் 12,618 புகார்களில் 701 மட்டுமே விடை தெரியாதவை. அமெரிக்கத் தகவல் சுதந்திரச் சட்டப்படி மனுப் போடவும் கட்டணம் இல்லை. சாதாரண ஆளுக்கு முதல் இரண்டு மணி நேரத் தேடலும் 100 பக்கங்களும் இலவசம். 'ரகசியம்' என்று முத்திரை குத்திய தாளை யாராவது காட்டினால் மயங்காதீர்கள். முத்திரையை வீட்டுக் கணினியிலேயே போடலாம்.

அப்புறம், வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எடுத்த நேரமும் இடமும் பெரும்பாலும் கோப்பிலிருந்து போய்விடும். போனில் இருக்கும் மூலத்தை அழிக்காமல் வையுங்கள். எந்தத் திசையைப் பார்த்து நின்றீர்கள் என்பதையும் இன்றே எழுதி வைத்துவிடுங்கள்.