மங்கினாலும் நீலம் நீலம்தான்

வணக்கம் சார்,

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விடிகாலையில் எடுத்த படம் ஒன்றை இணைத்திருக்கிறேன். வியாபாரி மல்லிகைக் குவியலிலிருந்து அள்ளித் தராசில் போடுகிறார். ஃபோகஸ் சரியாக இருக்கிறது, கலரும் மோசமில்லை. ஆனாலும் பார்ப்பவர்கள் “நல்லாருக்கு” என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுகிறார்கள். கேமராவோடு வந்த 18-55 லென்ஸ்தான் என்னிடம் இருக்கிறது. 50 எம்.எம். எஃப் 1.8 வாங்கினால் சரியாகிவிடுமா?

ஒரு வாசகர், திருமங்கலம்

அன்புள்ள நண்பருக்கு,

லென்ஸ் இருக்கட்டும். படத்தை முதலில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். கண் எங்கே போகிறது? மேலே தொங்கும் எல்.இ.டி. பல்புக்கு. அடுத்து வலது ஓரத்து நீலத் தார்ப்பாய்க்கு. மல்லிகை மூன்றாவதாகத்தான் வருகிறது, வியாபாரியின் கை அதற்கும் பிறகு. எது அதிக வெளிச்சமோ, எந்த நிறம் தனித்து நிற்கிறதோ, கண் அங்கேதான் முதலில் ஓடும்.

1.8-இல், அதாவது லென்ஸின் துளையை அகலத் திறந்து எடுத்தால், பின்னணி மங்கும், உண்மைதான். ஆனால் மங்கிய பல்பு இன்னும் பெரிய வெளிச்ச வட்டமாக வந்து உட்காரும். தார்ப்பாயும் மங்கினால் நீலம் போய்விடாது.

நகர்ந்து பாருங்கள், செலவில்லை. நாம் எந்தப் பக்கம் நகர்கிறோமோ, பின்னணியும் ஆளுக்குப் பின்னால் அதே பக்கம் நகரும். வலப்பக்கம் இரண்டடி போயிருந்தால் தார்ப்பாய் வலப்பக்கமே வெளியேறியிருக்கும். கேமராவைத் தலைக்கு மேல் தூக்கிக் கீழ்நோக்கிச் சாய்த்திருந்தால் பல்பு மேலே போய் ஃபிரேமைத் தாண்டியிருக்கும், குவியலே பின்னணியாகியிருக்கும். முகமும் வேண்டுமென்றால், விளக்கெரியாத கடை உட்புறம் அவருக்குப் பின்னால் வரும்படி நின்றுகொள்ளுங்கள். அந்த இருட்டுக்கு முன்னால்தான் வெள்ளைப் பூ எடுபடும்.

எக்ஸ்போஷரிலும், அதாவது படத்துக்குள் விடும் வெளிச்ச அளவிலும், கோளாறு இருக்கிறது, உங்கள் பூ சாம்பல் பூத்திருக்கிறது. ஃபிரேம் முழுக்க வெள்ளை நிறைந்தால் கேமரா அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும், வெளிச்சத்தைக் கூட்டக் குறைக்க உள்ள +/- அமைப்பில் +1 கொடுங்கள். இருட்டுக் கடைக்கு முன்னால் கைப்பிடிப் பூ மட்டும் இருந்தால் நேர் எதிர், -1. அங்கே கேமராவின் போக்கிலேயே விட்டுவிட்டால் இதழெல்லாம் வெளுத்து ஒரே வெள்ளைத் திட்டாகிவிடும். பிறகு எந்த எடிட்டிங்கிலும் மீட்க முடியாது. மொட்டின் காம்புப் பச்சையும் இதழுக்கு இதழ் விழும் மெல்லிய நிழலும் தெரிந்தால்தான் அது மல்லிகை. போனில் எடுப்பவர்கள் பூவைத் தொட்டு ஃபோகஸ் செய்துவிட்டு, வெளிச்சத்தைக் கீழே இழுக்க வேண்டும். எச்.டி.ஆரை அணைத்துவிடுவது நல்லது, நாம் பாடுபட்டுத் தேடிய இருட்டை அது தானாக வெளிச்சமாக்கிவிடும்.

படத்தின் குறுக்கே மங்கலான பட்டைகள் ஓடுவதைக் கவனித்தீர்களா? நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் ட்யூப் லைட்டும் மலிவான எல்.இ.டி.யும் நொடிக்கு 100 முறை மின்னும். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/400, 1/500 நொடி என்று குறைத்து வேகமாக எடுத்தால், அதிலும் எலக்ட்ரானிக் ஷட்டரில், பட்டை விழும். 1/100 அல்லது 1/50 வையுங்கள். 1/50-இல் அள்ளும் கை கொஞ்சம் கலங்கும், கலங்கட்டும். முகம் அசையாமல் இருந்தால் அந்தக் கலங்கல்தான் வேலையின் வேகத்தைக் காட்டும். பூ அந்தரத்தில் உதிரி உதிரியாக நிற்க வேண்டுமென்றால் 1/500 கட்டாயம். அதற்கு விடிந்த பிறகு, கூரை முடிந்து பகல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும் ஓரக் கடையைப் பிடியுங்கள். நடுவில் நின்றால் ஒரு பக்கம் ட்யூப் லைட்டின் பச்சை, மறுபக்கம் விடியலின் நீலம் என்று, வெள்ளையை வெள்ளையாகக் காட்ட வேண்டிய ஒயிட் பேலன்ஸ் உங்களைப் படுத்திவிடும்.

உங்கள் படத்தில் கை பாதி வழியில் இருக்கிறது. அள்ளுவதுமில்லை, போடுவதுமில்லை. விரல்கள் பூவுக்குள் புதையும் நொடி ஒன்று, தராசுக்கு மேல் விரல் பிரியும் நொடி ஒன்று, இரண்டில் ஒன்றுக்குக் காத்திருங்கள். அவர் நாளெல்லாம் அதைத்தான் செய்கிறார், மறுபடி வரும். எடுக்கும் முன் “அண்ணே, ஒரு படம் எடுத்துக்கவா?” என்று கேட்டுவிடுங்கள். மூட்டை தூக்கி வருபவர்களின் வழியை மட்டும் மறிக்காதீர்கள். அந்த நேரத்தில் விழும் திட்டு நியாயமானது.

50 எம்.எம். நல்ல லென்ஸ்தான். ட்யூப் லைட்டில் ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா வெளிச்சத்தைப் பெருக்கும் அளவை, 3200-லிருந்து 800-க்கு இறக்கலாம், அதற்காகத் தாராளமாக வாங்குங்கள். ஆனால் 1.8-இல் பக்கத்திலிருந்து எடுத்தால் கை ஃபோகஸில் இருக்கும்போது முகம் இருக்காது. துளையைக் கொஞ்சம் சுருக்கி 2.8-இலோ 4-இலோ தொடங்குங்கள்.