மஞ்சள் எங்கே முடிகிறது

அன்புள்ள அக்கா,

சென்ற மாதம் உங்கள் தளத்தில், மேசைமேல் நிற்கும் ஒரு கறுப்பு மஞ்சள் டாக்சி மாடலின் படத்தைப் போட்டிருந்தீர்கள். கீழே ஒரு வரிகூட இல்லை. அந்தப் படம்தான் என்னை எழுத வைத்தது.

துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். மூன்று மாதங்களுக்கு முன் 1:24 அளவில், அதாவது நிஜக் காரில் இருபத்துநாலில் ஒரு பங்கு நீளத்தில், நாமே ஒட்டிக் கட்டும் ஒரு பிளாஸ்டிக் ஸ்போர்ட்ஸ் கார் கிட் வாங்கினேன். வெட்டுவது, தேய்ப்பது, ஒட்டுவது எல்லாம் நன்றாகவே வந்தன. பெயிண்டில்தான் சறுக்கினேன். தூசி படக்கூடாதென்று காரின் வெளிக்கூடான பாடியை இரவு முழுக்க ஏர்கான் அறையில் வைத்திருந்தேன். சனிக்கிழமை காலை மழை விட்டதும், சமையலறைக்குப் பின்னால் துணி காயப்போடும் இடத்துக்குக் கொண்டுபோய் ஸ்பிரே அடித்தேன். கண் முன்னாலேயே கறுப்பு வெளுத்துப் பால் படர்ந்ததுபோல் ஆகிவிட்டது. வெளுக்காத இடமெல்லாம் ஆரஞ்சுப் பழத்தோல்போல் மேடுபள்ளம். கதவுக் கோடுகள் பாதி மூடிக்கொண்டன.

"இதே கார் ரெடிமேடா பளபளன்னு கிடைக்குதே, எதுக்கு இந்தப் பாடு?" என்கிறார் மனைவி. "கார் வாங்க சிஓஇ சான்றிதழ் எடுக்க வழியில்லாதவன் பிளாஸ்டிக்கில கட்டுறான்" என்கிறார்கள் யார்டு நண்பர்கள். இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. இன்னொன்றும் கேட்க வேண்டும். பிறர் கட்டிய மாடல்களைக் கண்ணாடிப் பெட்டியில் பார்க்கும்போது எனக்கு எல்லாமே அழகாகத்தான் தெரிகின்றன. அவற்றை எப்படிப் பார்ப்பது?

ம.,
ஈசூன்

அன்புள்ள தம்பிக்கு,

முதலில், அந்த பாடியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது கெட்டுப்போகவில்லை.

ஏர்கான் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் மூக்குக்கண்ணாடி மங்குகிறதே, அதேதான் உங்கள் காருக்கும் நடந்திருக்கிறது. இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த பிளாஸ்டிக்கை மழை விட்ட காற்றில் கொண்டுவந்து வைத்தீர்கள். போதாததற்கு, லாக்கர் பெயிண்டில் உள்ள தின்னர் என்னும் கரைப்பான் ஆவியாகும்போது பரப்பிலிருந்து சூட்டை இழுத்துக்கொண்டு போகும். பரப்பு இன்னும் குளிரும், காற்றிலுள்ள ஈரம் காயாத பெயிண்டின்மேல் படியும். அந்த வெண்மை தண்ணீரின் வேலை.

உங்கள் யார்டிலேயே இதற்கு விதி இருக்கிறது. காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையைப் பனிநிலை என்பார்கள்; எஃகின் வெப்பநிலை அதற்கு 3 டிகிரியாவது மேலே இருக்க வேண்டும், ஈரப்பதம் 85 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது, அளந்து பார்த்து எழுதிவைத்த பிறகுதான் பெயிண்ட் அடிப்பார்கள். என் தம்பி பல வருடம் யார்டில் இருந்தவன், சாப்பாட்டு மேசையில் அவன் சொல்லித்தான் எனக்கே இது தெரியும். முந்நூறு மீட்டர் கப்பலுக்கு உள்ள விதி இருபது சென்டிமீட்டர் காருக்கும் பொருந்தும். சிங்கப்பூரில் விடிவதற்கு முன் ஈரப்பதம் 90 விழுக்காட்டுக்கு மேல் நிற்கும், மழையில்லாத நாளில் பிற்பகலில் 60 வரை இறங்கிவிடும். நான் இரண்டு மணிக்குமேல்தான் பெயிண்ட் டப்பாவைத் தொடுவேன். காலையிலேயே பாடியை வெளியே எடுத்துவைத்து அறைச் சூட்டுக்கு வரவிடுவேன். டப்பாவைக் கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் நிறுத்தினால் பெயிண்ட் நீர்த்து, பூந்தூறலாக விழும். ஆரஞ்சுத் தோல் பாதி குறையும். சூடான தண்ணீர் கூடவே கூடாது. அடுப்படிக்குப் பின்னால் அடிப்பதாகச் சொல்கிறீர்கள், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன்: அடுப்பு அணைந்திருக்க வேண்டும், ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும், தின்னர் ஆவியைத் தடுக்கும் முகமூடி போட வேண்டும். மருத்துவ முகமூடி இதற்கு உதவாது.

வெளுத்த இடத்தை ஒரு காய்ந்த பிற்பகலில் அதே பெயிண்டை மிக மெல்லிதாகத் தூவி மீட்கலாம். புது லாக்கர் பழைய லாக்கரைக் கொஞ்சம் கரைத்து, மாட்டிக்கொண்ட ஈரத்தை வெளியே விட்டுவிடும். ஆரஞ்சுத் தோலுக்கு ஒரு வாரம் பொறுங்கள். 2000 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, விரல் கனம் மட்டும் கொடுத்துத் தேய்த்து, பிறகு மெருகேற்றும் காம்பவுண்டு போடுங்கள். பானெட்டின் மடிப்பு முனைகளில் பெயிண்ட் ஒட்டிக்கொண்டிருப்பதே பெரிது, அங்கே கை வைக்காதீர்கள்.

கதவுக் கோடுகள் மூடியதற்குக் கணக்கு இருக்கிறது. நிஜக் காரின் பெயிண்ட் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் கனம். நாம் டப்பாவால் நாலைந்து முறை அடித்தால் அதே கனம் வந்துவிடும். 1:24-ல் அந்த 0.1 என்பது நிஜக் காரில் 2.4 மில்லிமீட்டர். வீட்டுச் சுவருக்குப் பூசும் பூச்சு அது. அதனால் அடிப்பூச்சான பிரைமருக்கு முன்பே கதவுக் கோடுகளைக் கீறு ஊசியால் ஆழப்படுத்திவிட வேண்டும். யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. இரண்டு பாடிகளைப் பலி கொடுத்துக் கற்றேன்.

இனி உங்கள் நண்பர்களின் பேச்சு. 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சிஓஇ ஒன்றரை லட்சம் வெள்ளியைத் தொட்ட ஊர் இது. காரில்லாத வீடுதான் இங்கே சாதாரணம், அதில் யாருக்கும் குறைவில்லை. எனக்கு அந்தப் பேச்சில் உறுத்துவது வேறு. 1990-இல் வந்த அந்தச் சான்றிதழுக்கு ஆயுள் பத்து வருடம். புதுப்பிக்காவிட்டால் வண்டியைப் பதிவிலிருந்து நீக்க வேண்டும். ஒன்று நொறுக்கப்படும், இல்லையென்றால் கப்பலேறி வேறு நாட்டுக்குப் போகும். ஆகவே, பிள்ளை பிறந்தபோது வாங்கிய காரை அது உயர்நிலைப்பள்ளிக்குப் போகும்போது நம்மால் பார்க்க முடிவதில்லை. தமிழ்நாட்டில் என் பெரியப்பா வீட்டு அம்பாசடர் ஓடாமல் போன பிறகும் தென்னைமரத்தடியில் வருடக்கணக்காக நின்றது. குழந்தைகள் அதில் ஏறி விளையாடின. இங்கே நம் வண்டிகளுக்கு அப்படி நிற்க ஒரு மரத்தடி கிடையாது.

நீங்கள் படத்தில் பார்த்தது என் அப்பாவின் டாக்சி. மஞ்சள் கூரை டாக்சி, எந்த நிறுவனத்தையும் சேராத சொந்த வண்டி, டொயோட்டா கிரவுன். பிரசவத்துக்கும் அதில்தான் போனேன். அப்பா இறந்தார், வண்டியும் போயிற்று. சில வருடம் கழித்து ஒரு ஜப்பானிய டாக்சி கிட் கண்ணில் பட்டதும் யோசிக்காமல் வாங்கிவிட்டேன். அந்த வண்டி எனக்கு மனப்பாடம் என்று நினைத்திருந்தேன்.

பெட்டியைப் பிரித்ததும் முதல் சிக்கல் கண்ணாடிகளில் வந்தது. ஜப்பானிய டாக்சிகளுக்குப் பக்கக் கண்ணாடிகள் முன் சக்கரத்துக்கு மேலே, பானெட்டின் இரு ஓரங்களில் நிற்கும். நம் ஊரில் அவை கதவில் இருக்கும். ஸ்டியரிங் இரண்டு நாட்டிலும் வலப்பக்கம்தான், அது ஒரு நிம்மதி. கண்ணாடிக்கான துளைகளை, பாகங்கள் கோத்து வரும் அந்தப் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்தே வெட்டிய துண்டுகளால் அடைத்து, தேய்த்து, மறைத்தேன். கதவுக் கண்ணாடிகளை வேறொரு கிட்டில் மிஞ்சியதிலிருந்து எடுத்தேன்.

அடுத்தது மஞ்சள். கறுப்பின்மேல் மஞ்சள் நிற்காது, பச்சையடித்துப்போகும். அதனால் வெள்ளைப் பிரைமர், அதன்மேல் மஞ்சள், மூன்று நாள் காய்ந்தபின் கூரையை மாஸ்கிங் டேப்பால் மூடிவிட்டுக் கறுப்பு. டேப்பைக் கையில் எடுத்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மஞ்சள் எங்கே முடிகிறது? கூரை ஓரத்திலா, ஜன்னல் கண்ணாடிக்குப் பக்கத்துத் தூண்களிலும் இறங்குகிறதா? பின்பக்கம் எப்படி? வருடக்கணக்காகத் தினமும் பார்த்த வண்டி. எனக்குத் தெரியவில்லை.

அம்மாவுக்கும் நினைவில்லை. தம்பி ஒன்று சொன்னான், நான் ஒன்று சொன்னேன். ஆல்பங்களைப் புரட்டினால், நாங்கள் வண்டிமேல் சாய்ந்து நிற்கும் படங்களில் எல்லாம் நாங்கள்தான் இருக்கிறோம், வண்டி அரைகுறை. கடைசியில் தேக்காவில் எடுத்த ஒரு தீபாவளிப் படம் கிடைத்தது. ஒளியூட்டு வளைவைத்தான் எடுத்திருக்கிறார்கள், மூலையில் அப்பாவின் வண்டியின் பின்பாதி விழுந்திருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பின் தூணில் மஞ்சள் ஒரு விரல் அகலம் கீழே இறங்கி, அங்கே லேசாகக் கோணலாக முடிந்திருந்தது. எப்போதோ இடித்த இடத்தைப் பட்டறையில் சரிசெய்து திரும்பப் பூசியபோது வந்த கோணலாக இருக்கும். அப்பா அந்தப் பட்டறையைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டது அப்போதுதான் காதில் விழுந்ததுபோல் நினைவு வந்தது. "நேரா ஒரு கோடு போடத் தெரியல" என்பார்.

ஒரு விரல் அகலம் 1:24-ல் முக்கால் மில்லிமீட்டர். டேப்பை அந்தக் கோணலோடுதான் ஒட்டினேன். கறுப்பு டேப்புக்கு அடியில் கசியாமலிருக்க, ஓரத்தில் மறுபடி மஞ்சளையே ஒரு தூவல் தூவி அடைத்துவிட்டு, அதற்குப் பிறகு கறுப்பு அடித்தேன். பாதி காயும்போதே டேப்பை உரித்தேன். அந்தக் கோணல் அப்படியே வந்திருந்தது. வெகுநேரம் அதைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை.

உங்கள் மனைவிக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். ரெடிமேட் வண்டிகளை நான் தாழ்வாக நினைக்கவில்லை, என் அலமாரியிலும் மூன்று நிற்கின்றன. ஆனால் ரெடிமேட் என்னிடம் எதையும் கேட்பதில்லை. கிட் கேட்கும். கைப்பிடி எந்த உயரத்தில், இருக்கையின் உள்ளே என்ன நிறம், மீட்டர் எந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே இருக்கும். பதில் சொல்வதற்காக நாம் பார்க்க ஆரம்பிக்கிறோம். பெரிய நிறுவனங்களுக்கும் இதே கதைதான். 1976-இல் வந்த போர்ஷ 934 மாடலுக்காக ஜப்பானின் டாமியா ஓர் உண்மையான போர்ஷ 911-ஐ வாங்கி, அக்கக்காகப் பிரித்துப் பார்த்தது. முடிந்தால் உங்கள் மனைவியிடம் ஒன்று கேளுங்கள்: அவர் வீட்டில் யாருடைய வண்டி நினைவில் நிற்கிறது? அடுத்த கிட் அதுவாக இருக்கட்டும்.

பிறர் மாடலை எப்படிப் பார்ப்பது என்று கேட்டீர்கள். குனியுங்கள். மேலிருந்து பார்த்தால் எல்லா மாடலும் பொம்மைதான். நிஜக் காரை நாம் அந்தரத்திலிருந்து பார்ப்பதில்லை. உங்கள் கண் அதன் ஜன்னல் உயரத்துக்கு வரட்டும். முதலில் சக்கரங்களைப் பாருங்கள். நாலும் தரையில் பதிந்திருக்கின்றனவா, சக்கர வளைவுக்குள் சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா? நல்ல மாடலில் வண்டிக்கு எடை இருப்பது தெரியும். ஐம்பது கிராம் பிளாஸ்டிக் ஒன்றரை டன்னாக நிற்கும். அது வந்துவிட்டால் மற்ற குறைகளை நான் பார்ப்பதே இல்லை.

பிறகு பளபளப்பு. புதியவர்கள் எல்லாவற்றையும் ஒரே மாதிரி மின்ன விடுவார்கள். டயர் மின்னாது. ஜன்னல் ரப்பர் மின்னாது, பம்பரின் கறுப்பு வேறு கறுப்பு. ஒரே கறுப்பில் நாலு வகை காட்டியிருந்தால் அங்கே ஒருவர் பல இரவுகள் உட்கார்ந்திருக்கிறார். மெட்டாலிக் பெயிண்ட் என்றால் மினுக்குத் துகளைப் பாருங்கள். நிஜக் காருக்கான துகளை அப்படியே அடித்திருந்தால் சின்ன வண்டியில் அது ஜிகினாபோல் பெரிதாகத் தெரியும். ஜன்னல் வழியே உள்ளே எட்டிப் பாருங்கள். யாரும் பார்க்கமாட்டார்கள் என்று தெரிந்தும் சீட் பெல்ட்டை வைத்தவரிடம் நின்று பேசுங்கள். பேச நிறைய வைத்திருப்பார்.

பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் பக்கம் போனால் ஓவியப் பொருள் கடைகளில் நல்ல மெல்லிய தூரிகை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கிட்டுக்குச் செலவழிப்பதில் தூரிகைக்கு மிச்சம் பிடிக்காதீர்கள்.

அந்த டாக்சியை முடித்ததும் அம்மாவின் கையில் கொடுத்தேன். எண்பது வயது. ஜன்னலோரம் போய் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோணல் மஞ்சளை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. ஓட்டுநர் ஜன்னல் வழியே உள்ளே பார்த்துவிட்டு, "துண்டு எங்கடி?" என்றார்.

அப்பாவின் இருக்கையின்மேல் எப்போதும் ஒரு குட்மார்னிங் துண்டு கிடக்கும், கோப்பிக்கடைகளில் பார்த்திருப்பீர்களே, வெள்ளைத் துண்டில் சிவப்பு எழுத்து. தினமும் இரவு அதை அலசிப்போட்டவர் அம்மா. எனக்கு அது நினைவிலேயே இல்லை.

இரண்டு வாரமாக அந்தத் துண்டைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். டிஷ்யூ தாளில் ஒரே ஓர் ஏட்டைப் பிரித்து, ஒன்றரைக்கு மூன்று சென்டிமீட்டர் வெட்டி, தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையில் நனைத்து, இருக்கை முதுகில் போட்டு, ஈரமிருக்கும்போதே ஊசி முனையால் மடிப்பு விழவைத்தேன். நாலாவது துண்டுதான் துண்டுபோல் விழுந்தது. சிவப்பு எழுத்துகள் பாக்கி. ஒவ்வோர் எழுத்தும் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. சனிக்கிழமை மழையில்லையென்றால், பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுதிப் பார்க்கப்போகிறேன்.

உங்கள் கறுப்பு தெளிந்ததும் ஒரு படம் அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா